முடிச்சுப் பக்கம்

முடிந்ததைக் கொண்டுவரக் கூடாது.
எங்களுக்குள் அது ஒன்றுதான் சட்டம்.
முடிந்தது கலியாண வீட்டுக்குப் போகட்டும்,
கடைக் கண்ணாடிக்குள் தொங்கட்டும்.
போயா நாள் பின்னேரம்
டைக் வீதியில் டொரீன் அக்காவின் கராஜுக்குள்
கை ஒன்று குறைந்த சட்டைக்குத்தான் இடம்.

கார் விற்று ஏழு வருஷம்.
எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை.
அதன்மேல் பாய்.
பாயின்மேல் நாங்கள்,
வாய் நிறையக் குண்டூசிகளோடு
கதைக்கப் பழகியவர்கள்.

ஜெஸீமா கிண்ணியாவிலிருந்து வருவாள்,
பாலத்துக் காற்றுக்குப் பையை இறுக்கிப் பிடித்தபடி.
நோன்புப் பெருநாளுக்கு முன்னிருந்து
அதே மேசைவிரிப்பு.
போன தடவை அந்தப் பூவுக்கு ஆறு இதழ்.
இந்தத் தடவை நாலு.
"பிரிச்சிட்டன்" என்றாள்,
கடனில் பாதி கட்டியவளின் முகத்தோடு.
இதழ் இருந்த இடத்தில்
ஊசி போன துளைகள் இன்னும் வரிசையாய்.
அதையும் குனிந்து பார்த்தோம்.

கிறிசாந்தன் ஓட்டோ ஓட்டுகிறவன்.
தன் சீட்டுக்குத் தானே உறை தைக்கிறான்.
சிவப்பு ரெக்சின், மஞ்சள் நூல்.
உடைந்த ஊசிகளைத் தீப்பெட்டியில் சேர்த்து
அதையும் திறந்து காட்டினான்:
பதினொன்று.

டொரீன் அக்கா லேஸ் பின்னுகிறாள்.
எதுக்கு என்று கேட்டால்
"நீளத்துக்கு" என்பாள்.

என்னுடையது கடல்.
துறைமுக அலுவலகத்தில்
கோப்புகளுக்குத் துளை போட்டு
வெள்ளை நாடா கோர்க்கிற கை இது;
உவர்மலையிலிருந்து தெரிகிற அத்தனை தண்ணீரையும்
ஒரு தலையணை உறையில் அடக்கப் பார்த்தது.
நீலம் தீர்ந்தது.
கடையில் அந்த நம்பர் இல்லை.
அடுத்த நீலம் வாங்கினேன், அதற்கடுத்ததும்.
கடல் மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டு நிற்கிறது.
முன்பக்கம் காட்டினேன்.
பின்பக்கத்தை மடியோடு அழுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் மான் வந்தது.
இந்த ஊர் மான்.
பஸ் நிலையத்தில் வாழைப்பழத்தோல் தின்று வளர்ந்தது,
ஒருவருக்கும் கூச்சப்படாதது.
கராஜுக்குள் தலையை நீட்டி
ஜெஸீமா பூ வரைந்து வைத்திருந்த எண்ணெய்த்தாளை
நிதானமாக இழுத்து
மென்றது.

"அல்லாவே, என்ட அளவு!"
பாதிப் பூ வாயில், பாதிப் பூ வெளியே.
கிறிசாந்தன் அடிமட்டத்தோடு பாய்ந்தான்.
குண்டூசி, குண்டூசி என்று டொரீன் அக்கா கத்தினாள்,
மானுக்காகவா தாளுக்காகவா தெரியவில்லை.
தேத்தண்ணி கவிழ்ந்தது.
மான் நடுவீதிக்குப் போய், நின்று, விழுங்கி,
பிறகுதான் ஓடியது.

திரும்பி வந்தால்
என் கடல் பாயில் குப்புறக் கிடக்கிறது.

முடிச்சுகள்.
நீலத்திலிருந்து நீலத்துக்குத் தாண்டிய நீள நூல்கள்.
வெட்டாமல் விட்ட வால்கள்.
லீவு கேட்டு இல்லையென்ற கிழமையில்
இழுத்த ஒரு இழுப்பில்
துணியே சுருங்கி நின்றது.
அது எனக்கு மட்டும் தெரியும் என்றிருந்தேன்.
"இங்க என்ன நடந்தது?"
டொரீன் அக்காவின் விரல்
சரியாக அங்கேதான் இருந்தது.

இந்தப் பக்கம்தான் கடல் என்றான் கிறிசாந்தன்.
கடலுமில்லை ஒன்றுமில்லை, சோம்பல் என்றாள் ஜெஸீமா.
எனக்குச் சுருக்கென்றது.
அப்படியென்றால் உன்னுடையதைத் திருப்பு என்றேன்.
திருப்பினாள்.
முன்பக்கத்தைவிடச் சுத்தம்.
எரிச்சலாக இருந்தது.
டொரீன் அக்கா பேசாமல் பின்னிக்கொண்டிருந்தாள்.
லேஸுக்குப் பின்பக்கம் கிடையாது,
அந்தக் கர்வம் அவளுக்கு எப்போதும் உண்டு.

பூவின் அளவு மானின் வயிற்றில்.
இனி எத்தனை இதழ் என்று கேட்டேன்.
ஜெஸீமா தன் கையை விரித்துப் பார்த்தாள்,
ஒரு விரலை மடக்கினாள்,
மறுபடி விரித்தாள்.

இருட்டியதும் கிறிசாந்தன் என்னை ஏற்றிக்கொண்டான்.
சீட் பாதி சிவப்பு, பாதி பழைய கறுப்பு.
"மற்றப் பக்கம் இருங்க அக்கா,
இது இன்னும் கட்டல்ல."
கறுப்பு ஓரத்தில் ஒடுங்கினேன்.
உவர்மலை ஏறும்வரை
ஒவ்வொரு குழிக்கும்
பக்கத்தில் அந்த மஞ்சள் தையல்
வாய் திறந்து
மூடியது.